அந்த வழக்கறிஞர் யார் பக்கம்?

சரக்கு வேன் ஒன்று இருசக்கர வாகனத்தில் மோதுகிறது. இழப்பீடு கோரி மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனு தாக்கலாகிறது. வேன் உரிமையாளர் முதல் எதிர்மனுதாரர். காப்பீட்டு நிறுவனம் இரண்டாவது. சம்மன் வந்ததும், 'பிரீமியம் கட்டியிருக்கிறோம், இன்சூரன்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று உரிமையாளர் இருந்துவிடுகிறார். வழக்கு அவரைப் பொறுத்தவரை எக்ஸ்பார்ட்டி ஆகிறது, அதாவது அவர் இல்லாமலே நடக்கிறது.

நிறுவனமும் பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது, ஆனால் தன் பணத்தை. அதன் பதிலுரையில் இரண்டு வாதங்கள் இருக்கும். வேன் ஓட்டுநர்மீது தவறில்லை என்பது ஒன்று. இது உரிமையாளருக்கும் நல்லது. ஓட்டுநரின் உரிமம் போலி, ஆகவே பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்பது மற்றொன்று. இது வென்றால் சுமை உரிமையாளர் தலையில். உரிமத்தைக் காட்டச் சொல்லி அவருக்கு நோட்டீஸ் போகும், பதில் வராது. வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஊழியர் கூண்டேறி, அந்த எண்ணில் தாங்கள் உரிமம் வழங்கவில்லை என்பார். குறுக்கு விசாரணை செய்ய உரிமையாளருக்கு ஆளில்லை. நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்தி, பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவாகும்.

சட்டம் இந்த முரணைச் சரிசெய்யவில்லை. உரிமையாளர் தரப்பு எதிர்வாதத்தைத் தன் பொறுப்பில் ஏற்று, உரிமையாளரின் பெயரிலேயே நடத்தும் உரிமையை வாகன பாலிசி நிறுவனத்துக்குத் தருகிறது. உரிமையாளர் வழக்காடத் தவறினால், அவருக்குரிய எதிர்வாதங்களையும் தீர்ப்பாயத்தின் அனுமதியுடன் நிறுவனமே எழுப்பலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு. அவருக்காகப் பேசுவதும் அவரை மாட்டிவிடுவதும் ஒரே வழக்கறிஞர்.

ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: உரிமம் போலி என்று காட்டினால் மட்டும் போதாது, உரிமையாளர் நியாயமான அக்கறை எடுக்கவில்லை என்பதையும் நிறுவனமே நிரூபிக்க வேண்டும். 'வேலைக்கு எடுக்கும்போது உரிமத்தைப் பார்த்தேன். வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னேன்' என்ற சாட்சியமே வழக்கைத் திருப்பிவிடக்கூடும். அதைச் சொல்ல வைக்கத்தான் தனி வழக்கறிஞர் தேவை.

கலிபோர்னியா இதற்கு ஒரு வழி கண்டது. 1984-ஆம் ஆண்டின் கியூமிஸ் தீர்ப்பும், அதையொட்டி 1987-இல் வந்த சட்டப்பிரிவும், நலன்கள் மோதும்போது காப்பீடு பெற்றவர் தானே வழக்கறிஞரைத் தேர்ந்துகொள்ளலாம், கட்டணம் நிறுவனத்துடையது என்கின்றன. பிரீமியம் ஏறும் என்ற ஆட்சேபத்துக்கும் அந்தச் சட்டப்பிரிவிலேயே பதில் உண்டு. நிறுவனம் தன் வழக்கறிஞர்களுக்கு வழக்கமாகத் தரும் கட்டணமே உச்சவரம்பு. கோரும் தொகை காப்பீட்டு வரம்பைத் தாண்டுகிறது என்பது மட்டும் நலன் மோதலாகாது.

நாம் கலிபோர்னியாவை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. நிபந்தனை மீறலை நிறுவனம் பதிலுரையில் எழுப்பிய அன்றே, 'இனி இவர்கள் உங்களுக்கு எதிராகவும் வாதாடுகிறார்கள்' என்று எளிய தமிழில் உரிமையாளருக்குத் தனி அறிவிப்பு போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க இயலாதவருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் ஒருவரை அமர்த்தி, செலவை நிறுவனத்திடம் பெறலாம்.

அது நடக்கும்வரை வண்டி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை: சம்மன் வந்தால் பாலிசியை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்; ஓட்டுநரின் உரிம நகலோடு உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.