வாத்துப் பட்டியில் தொடங்க வேண்டிய கண்காணிப்பு

தொற்றிய உயிரைச் சீக்கிரம் கொன்றுவிடும் கிருமிக்குப் பரவ வழியில்லை, ஆகவே நாளாக நாளாக அதன் வீரியம் தணிந்துவிடும் என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பறவைக் காய்ச்சல் விஷயத்தில் இதை நம்பியிருப்பது ஆபத்து. காட்டு நீர்ப்பறவைகளின் குடலில் பெரிய தீங்கின்றி வாழும் ஹெச்5, ஹெச்7 வைரஸ்கள், கோழிப் பண்ணைக்குள் புகுந்த பிறகுதான் பெரும்பாலும் கொல்லும் வடிவம் எடுக்கின்றன. வைரஸின் மேற்புறத்திலுள்ள ஹீமாக்ளூட்டினின் என்ற புரதம் குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டப்பட்டால்தான் அது செல்லுக்குள் நுழைய முடியும். சாதாரண வகையை வெட்டக்கூடிய நொதிகள் கோழியின் குடலிலும் மூச்சுப்பாதையிலும்தான் இருக்கின்றன. வெட்டுப்படும் இடத்தில் ஆர்ஜினின், லைசின் போன்ற அமினோ அமிலங்கள் சில கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், உடலெங்கும் இருக்கும் ஃபியூரின் என்ற நொதியே போதும். மூளை, இதயம் எதுவும் தப்பாது. மெக்சிகோவில் 1994-இல் மிதமாகப் பரவிக்கொண்டிருந்த ஹெச்5என்2 சில மாதங்களில் இப்படித்தான் மாறியது. ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கும் கொட்டகையில் அடுத்த கோழி அலகெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒன்று செத்து விழுவதால் வைரஸுக்கு நட்டமில்லை.

கொட்டகைக்கு வெளியே, கடலூர் மாவட்ட வயல்வெளியையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுவடை முடிந்ததும், சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய வாத்துக் கூட்டங்கள் இறங்குகின்றன. இரவில் வலை கட்டிய பட்டியில் அடைத்து, விடியலில் முட்டை பொறுக்குவார்கள். மேய்ச்சல் தீர்ந்தால் அடுத்த ஊர். பிச்சாவரத்திலும் வீராணத்திலும் வலசைப் பறவைகள் தங்கும் காலமும் அதுதான். வயலோரத்து வீடுகளிலோ நாட்டுக்கோழிகள். தாய்லாந்தில் 2004-இல் நோய் கண்ட இடங்களை ஆய்வாளர்கள் வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, வயலில் மேயும் வாத்துகள் மிகுந்த நெற்பகுதிகளோடு அவை பெரிதும் ஒத்துப்போயின. குட்டநாட்டில் 2014-இல் வாத்துகளே கூட்டங்கூட்டமாகச் செத்தன என்பது உண்மை. ஆனால் எல்லா நேரமும் அப்படியல்ல. நோய்க்குறியே காட்டாத வாத்தும் நாள்கணக்கில் வைரஸை வெளியேற்றும். கோழியைக் கொல்லும் வீரியம் அதற்குள் பத்திரமாக இருக்கும்.

இப்படி எழுதுவது பீதியைக் கிளப்பும், கறிக்கடை வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். நன்றாக வெந்த கறியாலும் முட்டையாலும் ஆபத்தில்லை. அதை உரக்கச் சொல்லலாம். மனிதருக்கு எளிதில் தொற்றாது என்பதும் சரிதான். ஆனாலும் 2021-இல் டெல்லியில் சிகிச்சை பெற்ற 11 வயதுச் சிறுவனும், 2025-இல் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தையும் ஹெச்5என்1-க்குப் பலியானார்கள். இந்த வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே உடலில் இரு வகைகள் சேர்ந்தால் துண்டுகள் இடம் மாறலாம். அமெரிக்கக் கறவை மாடுகளுக்கு இது பரவும் என்று 2024-க்கு முன் எத்தனை பேர் எதிர்பார்த்தார்கள்? தொற்றும் ஒவ்வொரு பறவையும் அதற்கு இன்னொரு வாய்ப்பு.

ஆகவே கால்நடை பராமரிப்புத் துறை கோழிகள் சாகும்வரை காத்திராமல், தை, மாசியில் பட்டி பட்டியாகச் சென்று வாத்துகளிடம் மாதிரி எடுக்க வேண்டும். மேய்ப்பவர்களை விரோதியாக்கினால் இது நடக்காது. வாத்துகளை அழிக்க நேர்ந்தால், எந்த ஊரில் மேய்க்கிறார்களோ அந்த ஊரிலேயே, சில நாள்களுக்குள் இழப்பீடு கைக்கு வர வேண்டும். மாதக்கணக்கில் அலையவிட்டால், நோய் கண்ட கூட்டத்தை இரவோடிரவாக அடுத்த தாலுகாவுக்கு ஓட்டிப்போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியிருக்காது.