‘வந்தேறுகுடி’ யாருடைய சொல்?



சில கிழமைகளாக நம் மாவட்டத்து முகநூல் பக்கங்களில் ஒரே சண்டை. திருகோணமலைக்கு முதலில் வந்தவர் யார்? ஒருவர் 1622ஐத் தூக்கிக்கொண்டு வருகிறார். மற்றவர் 1626ஐக் காட்டுகிறார். இன்னொருவர் கண்டி ராஜாவின் பெயரைச் சொல்லி முழுத் துறைமுகமும் தங்களுடையது என்கிறார். பின்னூட்டங்களைப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறவர்களில் பலர் நாங்கள் படிப்பித்த பிள்ளைகள். வகுப்பில் வரலாறு சொல்லிக் கொடுக்கிற நாங்கள் இனியும் பேசாமல் இருந்தால் அது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

அந்த ஆண்டுகளையே முதலில் எடுப்போம்.

1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டைன் டி சா, சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலை இடித்தான். 1624இல் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். இரட்டைக் கயல் பொறித்த கல்லை இன்றும் பிரட்றிக் கோட்டை வாசலில் பார்க்கலாம். 1626இல் அதே டி சாவின் அதிகாரத்தில்தான் மேற்குக் கரையோரத்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 4000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான்.

இடையில் நான்கே வருடங்கள். கோயிலை இடித்தவனும் எங்களை விரட்டியவனும் ஒரே ஆள். அப்படியிருக்க, 1622ஐ இந்துக்களுக்கும் 1626ஐ முஸ்லிம்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்து ஒருவரோடு ஒருவர் மோதுவது எந்த நியாயம்? கோணேசர் கோயிலின் இழப்பு எங்களுக்கும் இழப்புத்தான் என்று சொல்ல நாங்கள் ஏன் தயங்க வேண்டும்?

இனி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தல் வந்தால் நம் மேடைகளில் செனரத் மன்னனின் கதை தவறாமல் வரும். ‘மன்னர் அடைக்கலம் தந்தார், நன்றி மறவோம்’ என்று. நன்றி நல்ல குணம். ஆனால் அந்தக் கதையையே நம் உறுதிப் பத்திரமாக ஆக்கினால், வீட்டுக்காரன் பக்கத்தில் நிற்கிற விருந்தாளியாகவே என்றைக்கும் நிற்போம். விரட்டுவதற்கு முதலில் ஆட்கள் இங்கே இருந்திருக்க வேண்டுமே! போர்த்துக்கேயர் 1505இல் வருவதற்கு 160 வருடங்களுக்கு முன்பே, 1344இல், இப்னு பதூதா இந்த நாட்டில் முஸ்லிம்களைக் கண்டு எழுதியிருக்கிறார். மன்னனுக்கும் தேவை இருந்தது. உப்பும் கருவாடும் புடவையும் மாட்டுத் தவளங்களில் மலைநாட்டுக்குப் போக வேண்டும், பறங்கியை எதிர்க்க ஆள் வேண்டும். இரக்கமும் இருந்திருக்கலாம், கணக்கும் இருந்தது. ஆட்சி என்றால் அப்படித்தான்.

எங்களை ‘வந்தேறுகுடிகள்’ என்று எழுதும் தம்பிமார் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் சோனகருக்கும் செட்டிமாருக்கும் ‘ஊழியம்’ என்றொரு கடமை இருந்தது. ‘நீங்கள் இந்த மண்ணைச் சேராத அந்நியர்’ என்று சொல்லி, வருடத்தில் மூன்று மாதம் கம்பனிக்கு வேலை வாங்கினார்கள். தப்ப வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். உழைப்பையும் காசையும் பறிக்க அவர்கள் வைத்த பெயரைத்தான் இன்று நீங்கள் இனப்பற்று என்று நினைத்து எழுதுகிறீர்கள்.

இதே கண்ணாடியை நாங்களும் பார்க்க வேண்டும். கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்கள் பற்றித் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நியாயமான கேள்விகள் உண்டு. அவற்றைத் திட்டம் போட்ட அரசாங்கத்திடம் கேட்போம். அங்கே பிறந்து வளர்ந்த சிங்களப் பிள்ளையைப் பார்த்து ‘வந்தேறி’ என்று சொல்ல எங்களுக்கு வாய் வரக்கூடாது.

இந்தத் துறைமுகத்தின் உண்மையான கதை வேறு. 1639இல் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே வருடம் ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர், ஐரோப்பாவில் எழுதிய சமாதான ஒப்பந்தத்தால் மறுபடி ஒல்லாந்தர், 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 14 வருடத்துக்குள் நான்கு கைமாற்றம். ஒரு தடவையாவது கொட்டியாரத்து விவசாயியிடமோ கிண்ணியாத் தோணிக்காரனிடமோ தம்பலகாமத்து வன்னியனிடமோ யாரும் சம்மதம் கேட்டார்களா? 1660இல் பிடிபட்ட றொபர்ட் நொக்ஸுக்கு மூதூர்ப் புளியமரத்தடியில் 1893இல் கல் நாட்டினார்கள். ஊர்ச் சனத்துக்கு ஒரு கல்லும் கிடையாது.

இன்றும் அதே கதைதான். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 61 கூட்டுக் கம்பனிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு. 2025 ஏப்ரலில் இங்கே வலுசக்தி மையம் அமைக்க இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் கைச்சாத்திட்டன. வேலை யாருக்கு, கடல் யாருக்கு, காணி யாருக்கு என்று கேட்க நம் பள்ளிவாசல், கோயில், விகாரை, தேவாலயம், மீனவர் சங்கம் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமாவது போட்டோமா? ‘யார் முதலில் வந்தது’ என்ற பதிவுக்கு மட்டும் முந்நூறு பின்னூட்டம்!

ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்பது மூன்று. மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளையும் நகரத்துத் தமிழ், சிங்களப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் கோட்டை வாசலுக்குக் கூட்டிப்போய் அந்தக் கல்லைக் காட்டுவோம். வீடுகளில் கிடக்கும் பழைய உறுதிகளையும் ஓலைகளையும் கறையான் தின்ன முன் சேர்த்துப் படம் எடுத்து வைப்போம். அடுத்த தேர்தலில் எந்தச் சமூகத்து மேடையானாலும் ‘முதலில் வந்தது நாங்கள்தான்’ என்று தொடங்குகிறவரிடம் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிக் கேட்போம். பதில் தெரியாதவருக்கு நம் வாக்கு எதற்கு?