‘பற்றரி போட்டுது’ என்பது ஒரு பதில் இல்லை

யாழ்ப்பாணத்தில் ஹைபிரிட் கார் வைத்திருக்கிற ஆக்களுக்குக் கேட்கவே பயமான ஒரு வசனம் இருக்கு: "பற்றரி போட்டுது." கராஜில் அந்த வசனம் விழுந்தால் பிறகு கதை முழுக்கக் காசைப் பற்றித்தான். புதுசு போடுறதா, கொழும்பில இருந்து பாவிச்சதை எடுப்பிக்கிறதா, இல்லாட்டி காரையே வித்துப்போடுறதா? எந்தப் பற்றரி போனது, என்னத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், எத்தனை வோல்ற் காட்டினது என்று திருப்பிக் கேட்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை. என்ன கேட்கவேணும் எண்டு தெரிந்தால்தானே கேட்கிறதுக்கு?

கலைப்பீடத்தில் படிக்கிற உனக்கு ஏன் கார்க் கதை எண்டு நீங்கள் நினைக்கலாம். இந்தப் பிரச்சினையில் பாதிதான் காரைப் பற்றியது. மற்றப் பாதி மொழியைப் பற்றியது. எங்கட ஊரில் இந்தக் கார்கள் பழுதாகிறதை விட, அந்தப் பழுது எங்களுக்கு விளங்குகிற மொழியில் சொல்லப்படாததுதான் சனத்தின் காசைக் கூடுதலாகத் தின்னுது.

முதலில் இந்தக் கார்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். வரிச் சலுகை இருந்த காலத்தில் பிரியஸ், அக்குவா, ஃபிற், வெசல் எல்லாம் பெரும்பாலும் ஜப்பானில் பாவித்த கார்களாக இலங்கைக்கு வந்து குவிந்தன. பிளக்கில் குத்திச் சார்ஜ் ஏற்றக்கூடிய பிரியஸ் பிஎச்வி, அவுட்லாண்டர் பிஎச்இவி போன்றவையும் கொஞ்சம் வந்தன. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறபட்டது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஏறக்குறைய ஐந்து வருசம் புதுக் கார் இல்லை. இருந்த கார்களுக்கு வயது போனது, விலையோ ஏறினது. அதனால் பத்து வருசம் கடந்த பற்றரியோடு ஓடுகிற கார்தான் இன்றைக்கு பல வீடுகளின் பெரிய சொத்து. கட்டுநாயக்காவுக்கு ஹையர் ஓடி லீசிங் கட்டுறதும் அதே காரில்தான், நடுச்சாமத்தில் அம்மம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுறதும் அதே காரில்தான்.

இந்தக் கார் பழுதானால் மூன்று மொழிகளைக் கடக்கவேணும். முதலில் கார் ஜப்பான் மொழியில் சொல்லும். டாஷ்போர்டில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஏதோ எழுத்து வரும், ஓட்டுகிறவர் அதைப் படம் எடுத்து வைபரில் அனுப்புவார். இதில் ஒரு பகிடி இருக்கு. அந்த எழுத்துகளில் பல, ஆங்கிலச் சொற்களை ஜப்பான்காரர் தங்கட எழுத்தில் எழுதினவை. ‘ஹைபிரிட் சிஸ்டம்’ என்பதை அவர்கள் ‘ஹைபுரிட்டோ ஷிசுதெமு’ என்று எழுதுகிறார்கள், நாங்கள் ‘பற்றரி’ எண்டு எழுதுற மாதிரி. அடுத்தது ஸ்கானர். அது ஆங்கிலத்தில் ஒரு குறியீட்டைத் தரும். கடைசியாக மெக்கானிக் அண்ணை தமிழில் சொல்வார்: "தம்பி, பற்றரி போட்டுது." மூன்று மொழி கடந்து வந்து சேர்ந்தது இரண்டே சொல்.

அந்த இரண்டு சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கு என்று பாருங்கள்.

ஒரு ஹைபிரிட் காரில் பற்றரி ஒன்றில்லை, இரண்டு. ஒன்று எல்லாக் காரிலும் இருக்கிற 12 வோல்ற் பற்றரி. மற்றது காரை ஓட்ட உதவுகிற பெரிய உயர் மின்னழுத்தப் பற்றரி. பிரியஸ் போன்ற கார்களில் எஞ்சினைச் சுழற்றி எழுப்புவது பெரிய பற்றரியின் வேலை. 12 வோல்ற் பற்றரி கொம்பியூட்டர்களை எழுப்புகிறது. ஆனால் கொம்பியூட்டர் எழும்பாவிட்டால் பெரிய பற்றரியில் சார்ஜ் நிறைய இருந்தும் கார் ‘ரெடி’ நிலைக்கு வராது. லைற்றுகள் மினுங்கும், ஏதேதோ எச்சரிக்கைகள் ஒன்றாகப் பத்தும், பார்க்கிறவனுக்குக் கார் செத்த மாதிரித்தான் இருக்கும். எங்கட ஒழுங்கையில் ஹையர் ஓடுகிற அண்ணை ஒருவருக்கு இப்படித்தான் ஒரு கராஜில் பெரிய பற்றரிக்கு விலை சொல்லிவிட்டார்கள். காசுக்கு மனுசியின் சங்கிலியை அடைவு வைக்க வெளிக்கிட்டவர், வேறொருவர் சொல்லி 12 வோல்ற் பற்றரியை மட்டும் மாற்றிப் பார்த்தார். கார் இன்றைக்கும் ஓடுது.

சரி, பெரிய பற்றரியில்தான் பிழை எண்டு வைப்போம். அதுவும் ஒரே கட்டி இல்லை. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 7.2 வோல்ற் கொண்ட 28 மொடியூல்கள் தொடராக நின்று 201.6 வோல்ற் தருகின்றன. அக்குவாவில் 20 மொடியூல், 144 வோல்ற். பிரியஸின் கொம்பியூட்டர் இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளொக்குகளாக அளக்கும். பிளொக்குகளுக்கு இடையில் வோல்ற் வித்தியாசம் அளவுக்கு மிஞ்சினால் பி0ஏ80 என்ற குறியீடு விழும். அதுக்கு ஸ்கானரில் வருகிற ஆங்கில விளக்கம், ஹைபிரிட் பற்றரித் தொகுதியை மாற்று என்ற கருத்தில் ஒரு கட்டளையாகவே எழுதப்பட்டிருக்கு. மெஷினே சொல்லிப்போட்டுது எண்டால் எதிர்த்துக் கதைக்க ஆருக்குத் துணிவு வரும்? ஆனால் உண்மையில் மெஷின் அளந்தது ஒரு வித்தியாசத்தை. ஒரு மொடியூல் பலவீனமாக இருந்தாலும் அது வரலாம். மொடியூல்களை இணைக்கிற செப்புத் தகடுகளில் களிம்பு பிடித்தாலும் அளவு பிசகலாம். முழுத் தொகுதியும் களைத்துப்போனாலும் வரலாம். எது என்பது 14 பிளொக்கின் அளவுகளையும் ஓட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு மொடியூலை மட்டும் மாற்றினால் காணும் எண்டு சொல்கிறவரையும் அப்படியே நம்பக்கூடாது. மற்ற 27க்கும் அதே வயது. ஒன்றை மாற்றிச் சில மாதத்தில் பக்கத்தில் நிற்கிறது விழலாம். மலிவான வழி எது, நிலைக்கிற வழி எது என்று இரண்டையும் சொல்லிவிட்டு முடிவை எங்களிட்டை விடுவதுதான் நேர்மை.

பழுது வராமல் பார்க்கிற விசயங்களும் இப்படித்தான் ஜப்பான் மொழிப் புத்தகத்துக்குள் படுத்துக் கிடக்கின்றன. பற்றரியின் எதிரி சூடு. பிரியஸ், அக்குவா போன்றவற்றில் பெரிய பற்றரியைக் குளிராக்க, பின் சீற் பக்கத்தில் உள்ள துவாரத்தால் ஒரு விசிறி காற்றை இழுக்கும். எங்கட செம்மண் புழுதியும் சீற் பஞ்சும் அந்த வழியில் அடைத்தால் பற்றரி வேகும். அந்தத் துவாரத்தின் மேல் பாயும் பையும் குடையும் போட்டுக்கொண்டு போகிற குடும்பங்கள் எத்தனை! வெளிநாட்டில இருந்து வருகிறவர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு ஓடிவிட்டு, மிச்ச மாதம் முழுக்கப் போர்த்து மூடி விடுகிற கார்கள் இன்னொரு வகை. நிற்கிற காரில் இரண்டு பற்றரியும் மெல்ல மெல்ல இறங்கும். இடைக்கிடை ரெடிக்குக் கொண்டுவந்து அரை மணித்தியாலம் ஓட்டி வைக்கவேணும். சாவி வைத்திருக்கிற சித்தப்பாவுக்கு இதை ஆராவது சொன்னார்களா?

பிளக்-இன் கார்களில் வீட்டுக் கரண்டும் கதைக்குள் வருது. கரண்ட் போனால் பிளக்-இன் ஹைபிரிட் நின்றுவிடும் எண்டு பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது பெற்றோலில் ஓடும். அந்தக் காருக்கு இரண்டு வாய், முழு மின்சாரக் காருக்குத்தான் ஒன்று. ஆனால் 2022இல் இரண்டு வாயும் ஒன்றாக அடைபட்டதையும் நாங்கள் கண்டம். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. யூலையில் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதையும் மறக்கேலாது. சார்ஜ் ஏறும்போது கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றிவிட்டு, திரும்ப வந்து சீராகிறவரை பொறுப்பது நல்லது. சில சார்ஜிங் கேபிள்கள் வீட்டில் எர்த் சரியில்லை எண்டால் சார்ஜ் ஏற்றவே மாட்டா. பழைய நாற்சார் வீட்டு வயறிங்கில் குத்திப்போட்டு, கார் பழுது எண்டு கராஜுக்குப் போனால் என்ன பலன்? பிழை சுவருக்குள் இருக்கு. சில மொடல்களில் வீட்டுச் சாமான் குத்த 1500 வாற் பிளக்கும் உண்டு, ஆனால் அது 100 வோல்ற். எங்கட வீட்டுச் சாமான் 230 வோல்றுக்குச் செய்தது. அந்த எச்சரிக்கையும் ஜப்பான் மொழியில்தான்.

கரண்ட் இல்லாமல் வாழ்றது எங்கட ஊருக்குப் புதுசில்லை. 1990இல் குடாநாட்டில் கரண்ட் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்ட சாமான்கள். அப்பாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டதும், ஜாம் போத்தல் விளக்கில் படித்ததும், கொஞ்சப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பிப்போட்டு ஒஸ்ரினையும் மொறிஸையும் மண்ணெண்ணெயில் ஓட்டினதும். அதைப் பொற்காலம் எண்டு நான் பாடப்போறதில்லை. எஞ்சின்கள் கெட்டன, புகையில் சனம் இருமினது, வேறு வழி இருந்தால் ஒருவரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். நான் கவனிக்கிறது ஒரே ஒரு விசயத்தை. அந்தக் காபரேட்டர் எப்படி வேலை செய்யுது எண்டு மெக்கானிக்குக்கும் தெரியும், ஓடுகிறவருக்கும் தெரியும், பக்கத்தில் நிற்கிற பெடியனுக்கும் தெரியும். அறிவு தமிழில், வாயால், ஒழுங்கை ஒழுங்கையாகப் பரவினது. இன்றைக்குத் தடையில்லை, இன்டர்நெட் இருக்கு, ஆனால் காருக்குள் என்ன நடக்குது எண்டு காருக்குச் சொந்தக்காரனுக்கே தெரியாது.

இதுக்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. 200 வோல்ற் விளையாட்டுச் சாமானில்லை, சனத்துக்குச் சொல்லிக்கொடுத்தால் தாங்களே திறந்து சாவார்கள் என்பது. அந்தப் பயம் சரி. செம்மஞ்சள் நிற வயர் எண்டால் உயர் மின்னழுத்தம், அதைத் தொடக்கூடாது. பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே மின் கொஞ்ச நேரம் தங்கி நிற்கும். தகுந்த கையுறை இல்லாமல் பயிற்சி பெற்றவரே கைவைக்கக்கூடாது. ஆனால் இந்த மூன்று வசனத்தையும் நான் தமிழில் எழுதினதால் ஆபத்துக் கூடினதா, குறைந்ததா? தெரிந்தவன் கையை எடுப்பான். யூரியூப்பில் விளங்காத மொழியில் படத்தை மட்டும் பார்த்தவன்தான் கையை வைப்பான்.

இதில் மெக்கானிக் அண்ணைமாரைக் கள்ளர் எண்டு சொல்ல நான் வரவில்லை. பலர் தாங்களே தட்டித் தடவிப் படித்தவர்கள், அவர்களுக்கும் ஒருவரும் தமிழில் சொல்லிக் கொடுக்கவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கு, அதே இடத்தில் எங்கட பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கு. வேலைசெய்கிற மெக்கானிக்மாருக்குச் சனி, ஞாயிறில் தமிழில் ஹைபிரிட் குறுங்கற்கை நடத்த அங்கே ஆள்பலமும் அறிவும் உண்டு.

தமிழில் இதெல்லாம் சொல்ல வராது எண்டு ஆரும் சொன்னால் மானிப்பாயைக் காட்டுங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். ஆயிரக்கணக்கான பக்கங்களை மொழிபெயர்க்க வைத்து, கலைச்சொல் தேடி, தமிழில் படித்த வைத்தியர்களை உருவாக்கினார். மனித உடம்பையே 19ஆம் நூற்றாண்டில் தமிழில் விளங்கப்படுத்தின ஊர் இது. ஒரு அக்குவாவின் எச்சரிக்கை விளக்கு என்ன பெரிய விசயம்?

ஆகவே எங்கட பீடத்து ஆக்களுக்கு ஒரு வேலை சொல்றன். மொழியும் மொழிபெயர்ப்பும் படிக்கிற நாங்கள், பொறியியல் பீடத்து நண்பர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊரில் கூட ஓடுகிற ஐந்து மொடல்களின் எச்சரிக்கைகளுக்கு ஒரு தாள் தமிழில் செய்யலாம். டாஷ்போர்ட் படம், அதன் பொருள், உடனே காரை நிறுத்தவேணுமா, வீடுவரை ஓடலாமா. அவ்வளவுதான்.

அந்தத் தாள் வரும்வரை, "பற்றரி போட்டுது" எண்டு சொன்னால் நாலு கேள்வி கேளுங்கள். எந்தப் பற்றரி? என்ன குறியீடு விழுந்தது? பிளொக் அளவுகளைக் காட்டுவீர்களா? போடுகிற பற்றரி புதுசா, பாவிச்சதா, எத்தனை மாத உத்தரவாதம்? பதில்களைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி பற்றுச்சீட்டுக் கேட்பது உங்கட உரிமை. பதில் சொல்லத் தயங்காத கராஜ் கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள், அயலட்டைக்கும் சொல்லுங்கள்.