கூந்தன்குளம் மட்டும் போதாது

நாங்குநேரி பக்கத்திலுள்ள கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் பறவைகளைக் காத்துவரும் அந்த ஊர் மக்களுக்கே இந்தப் பெருமையில் முதல் பங்கு. ஆனால், சுமார் 129 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு சரணாலயத்தைக் காத்துவிட்டால் வலசைப் பறவைகளைக் காத்ததாகிவிடும் என்று நாம் நிம்மதி அடைவது தவறு. நெல்லைச் சீமையின் குளங்களும் கால்வாய்களும் வயல்களும் சேர்ந்ததுதான் பறவைகளின் வாழிடம். அதைத் துண்டு துண்டாகக் காக்க முடியாது.

மங்கோலியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளத்தில் தங்கினாலும் மேய்வது புல்வெளியிலும் வயலிலும்தான். கூந்தன்குளத்துக் கருவேல மரத்தில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை, குஞ்சுகளுக்கு மீன் தேடிச் சுற்றியுள்ள குளங்களுக்கெல்லாம் பறக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றி, மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வராத ஆண்டில் சரணாலயம் காய்ந்துவிடும். அப்போது பறவைகளுக்கு அடைக்கலம் தர வேண்டியவை மற்ற குளங்களே. எல்லைக்குள் மட்டும் காவல் போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யா சாட்சி. மாசாய் மாரா காப்பகத்தையும் அதை அடுத்த லொய்டா சமவெளியையும் நம்பி வாழ்ந்த வில்டபீஸ்ட் மான்கள் 1977-இல் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தன. இருபதே ஆண்டுகளில் அவை கால் லட்சத்துக்கும் கீழே போயின. காப்பகம் காப்பகமாகவே இருந்தது. அவை மழைக்காலத்தில் கன்று ஈனப் போன லொய்டா புல்வெளிதான் கோதுமை வயலாக மாறியிருந்தது.

குளம் பாசனத்துக்குத்தானே, பறவைக்காகத் தண்ணீரைத் தேக்கினால் விவசாயி என்ன செய்வான் என்ற கேள்வி நியாயமானது. யாரும் மடையை அடைக்கச் சொல்லவில்லை. பறவைகள் மிகுதியாக இருக்கும் மாதங்கள் பிசானப் பருவ நெல் வளர்ந்து அறுவடையாகும் மாதங்களே. பயிருக்காகப் பெருகும் குளம்தான் பறவைக்கும் உதவுகிறது. பறவை எச்சம் கலந்த வண்டலும் தண்ணீரும் வயலுக்கு உரம் என்பதைக் கூந்தன்குளத்து விவசாயிகள் அறிவார்கள். இரு தரப்புக்கும் பொது எதிரிகள் ஆக்கிரமிப்பும், தூர்ந்த கால்வாயும், சாக்கடையும்தான்.

வளரும் நகரத்தில் குளத்தை ஏன் காக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இதற்கான பதிலை நெல்லை நகரின் வண்ணார்பேட்டை 2023 டிசம்பரில் கண்ணால் கண்டது. தாமிரபரணி கரைபுரண்டபோது வண்ணார்பேட்டையிலும் கொக்கிரகுளத்திலும் தாழ்வான பகுதிகள் மூழ்கின. அத்தனை பெரிய வெள்ளத்தைக் குளங்கள் மட்டும் தடுத்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெய்யும் மழையைத் தாங்கி வைக்கும் இடங்களை ஒவ்வொன்றாக இழக்கும் நகரம், ஒவ்வொரு மழையிலும் கூடுதல் விலை கொடுத்தே தீரும். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லை கால்வாய் வழியாகத் தண்ணீர் பெறும் நயினார்குளம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் நாரையும் கொக்கும் நிற்கின்றன என்றால், அங்கே மீன் பிழைக்கிறது, தண்ணீர் இன்னும் சாகவில்லை என்று பொருள்.

குளங்களைக் காக்கத் தொடங்குவதற்குத் தேவையான தகவல் கையில் இருக்கிறது. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் தன்னார்வலர்களைக் கொண்டு 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகளைக் குளம் குளமாகக் கணக்கெடுத்து வருகிறது. பறவைகள் அதிகம் கூடும் குளங்களின் எல்லையை அளந்து கல் நட வேண்டும். கழிவுநீரை மறிக்க வேண்டும். வரத்துக்கால்களைத் தூர்வார வேண்டும். பறவைகள் கூடு கட்டும் மரங்களை வெட்டக் கூடாது. சாலைக்கோ கட்டடத்துக்கோ அனுமதி தரும் அதிகாரியின் மேசையில் அந்தப் பறவைக் கணக்கும் இருக்க வேண்டும். கூந்தன்குளம் ஒரு சிற்றூரின் பொறுப்புணர்வால் பிழைத்தது. மற்ற குளங்களுக்கு அந்தப் பொறுப்பை மாவட்டம் முழுவதும் ஏற்க வேண்டும்.