தை, சித்திரை, ஆடி, ஐப்பசி: பல்துலக்கியின் தலை மாற வேண்டிய நாள்கள்

போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலுள்ள ஏலமலைச் சரிவுகளிலும் வாழும் குடும்பங்களில், பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ வளைகுடா நாடுகளிலோ பணிபுரிவது இன்று பொதுவாகிவிட்டது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன மதுரை–போடி ரயில், 2023 ஜூன் மாதத்தில் அகலப்பாதையில் மீண்டும் ஓடத் தொடங்கிய பின் அவர்கள் வந்து செல்வதும் எளிதாகியுள்ளது. வரும்போது பெற்றோருக்கென வாங்கிவரும் பொருள்களுள் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் சர்க்கரை அளக்கும் கருவியும் முன்பே இருந்தன. இப்போது மின்சாரப் பல்துலக்கியும், அதாவது கடைகளில் எலெக்ட்ரிக் பிரஷ் என்று கேட்டு வாங்கும் பொருளும், அவ்வரிசையில் சேர்ந்துவருகிறது.

அன்பினால் வாங்கித் தரப்படும் பொருளை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்டிக்குள் கைப்பிடியுடன் வருவது பெரும்பாலும் ஒரே ஒரு தலை. அதன் ஆயுள் மூன்று மாதம். கைப்பிடி பல ஆண்டுகள் உழைக்கும். பல்லையும் ஈறையும் தொடுவதோ கைப்பிடி அன்று, தலையே. ஆகவே எந்தக் கைப்பிடி வாங்குவது என்ற கேள்வியைவிட, அதற்குரிய மாற்றுத் தலை எது, எங்கே கிடைக்கும், யார் வாங்கித் தருவார் என்ற கேள்வியே முதன்மையானது. இதற்கு விடை தெரியாத வீட்டில் விலையுயர்ந்த மின்துலக்கியைவிட, நேரத்தில் மாற்றப்படும் மென்மையான சாதாரணப் பல்துலக்கியே மேல் என்பது எமது கருத்து.

மின்சாரப் பல்துலக்கி வெறும் ஆடம்பரப் பொருள் என்று கருதுவோர் உளர். அதன் தொடக்கம் அவ்வாறன்று. 1954-இல் சுவிட்சர்லாந்தில் பிலிப் கை வூக் என்பவர் உருவாக்கிய பிராக்சோடென்ட் என்னும் கருவியே இவ்வகையின் முன்னோடி. கையைத் தாமாக இயக்க முடியாத நோயாளர்களையும் பற்களுக்குக் கம்பி கட்டியவர்களையும் கருதியே அது முதலில் செய்யப்பட்டது. பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர், பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவர், முடக்குவாதத்தால் விரல் மடங்காதவர், படுக்கையிலுள்ள தாய்க்குப் பல் துலக்கிவிடும் மகள் ஆகியோருக்கு இக்கருவி உண்மையான துணை. நலமுள்ள கையும் பொறுமையும் உடையவருக்கு இது கட்டாயமன்று.

ஆய்வுகளும் இவ்வாறே அளவோடு பேசுகின்றன. காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட மீளாய்வு 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மூன்று மாதங்களுக்கு மேல் மின்துலக்கியைப் பயன்படுத்தியவர்களிடம் பற்காரை 21 விழுக்காடும், ஈறு அழற்சி 11 விழுக்காடும் குறைவாக இருந்தன. இது பயன்தான், அற்புதமன்று. தேய்ந்த தலையோடு அந்தப் பயனை எதிர்பார்ப்பதற்கு இல்லை.

வாய்த் தூய்மையில் இத்துணை அக்கறை எதற்கு என்று கேட்கலாம். பல் வலி மட்டுமே இங்குள்ள கவலையன்று. விழுங்குவதில் இடர்ப்படும் முதியவருக்கும் பக்கவாத நோயாளருக்கும் எச்சில் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. வாய் அழுக்காக இருந்தால் அந்த எச்சிலோடு கிருமிகளும் நுரையீரலை அடைகின்றன. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஈராண்டுக் காலம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், உணவுக்குப் பின் பணியாளர்கள் பல் துலக்கிவிட்டு, பல் மருத்துவரின் கவனிப்பும் பெற்ற முதியோரில் 11 விழுக்காட்டினருக்கே நிமோனியா வந்தது. அத்தகைய கவனிப்புப் பெறாதவரில் அது 19 விழுக்காடு. ஒவ்வொரு வேளையும் தவறாத கைகளே இந்த வேறுபாட்டைத் தந்தன. இதய வால்வில் குறைபாடு உள்ளவர்க்கும், நீரிழிவு நோயாளர்க்கும் ஈறு நலம் இதே அளவுக்கு முக்கியமானது.

‘ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் கொண்டு துலக்கிய நம் முன்னோர்க்கு இத்தலை மாற்றமெல்லாம் ஏது?’ என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. எண்ணிப் பார்த்தால், தலையை மாற்றுவதில் அவர்களே நம்மினும் கண்டிப்பானவர்கள். காலையில் ஒடித்த குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கித் துலக்கினார்கள், துலக்கியதும் எறிந்தார்கள். நேற்றைய குச்சியை இன்று எவரும் வாயில் வைத்ததில்லை. நைலான் இழை 1938-இல் பல்துலக்கிக்கு வந்த பிறகுதான் ஒன்றையே மாதக்கணக்கில் வைத்திருக்கும் வழக்கம் நமக்குப் பழகிப்போயிற்று. எனவே தலையை மாற்றுங்கள் என்று நாம் சொல்வது புதிய செலவுக்கான அழைப்பன்று; பழைய ஒழுங்கின் தொடர்ச்சி.

இனித் தேர்வுக்கு வருவோம். ஏலக்காயைச் சல்லடையிட்டுப் பருமனும் நிறமும் பார்த்துத் தரம் பிரிக்கும் ஊர் இது. அதே கண்ணைப் பல்துலக்கியின் தலைமீதும் செலுத்தினால் போதும்.

முதலாவது, பொருத்தம். மின்துலக்கித் தலைகள் பொதுவாக இரு வகை: இருபக்கமும் மாறிமாறிச் சுழலும் வட்டத் தலை, விரைந்து அதிரும் நீள்தலை. ஒன்றன் கைப்பிடியில் மற்றொன்று ஏறாது. ஒரே நிறுவனத்தின் பொருள்களுக்குள்ளும் இவ்வேறுபாடு உண்டு. ஓரல்-பி நிறுவனத்தின் வழக்கமான வட்டத் தலை, அதே நிறுவனத்தின் ஐஓ வரிசைக் கைப்பிடிக்குப் பொருந்தாது. ஆதலால் கடைக்குச் செல்லும்போது பழைய தலையைக் கழுவி உடன் எடுத்துச் செல்லுங்கள். கைப்பிடியின் அடிப்புறத்தில் உள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் இயங்கும் மலிவான சில துலக்கிகளுக்கு மாற்றுத் தலையே கிடையாது. வாங்குமுன் கேட்டறிவது நலம்.

இரண்டாவது, மென்மை. அட்டையில் ‘சாஃப்ட்’, ‘எக்ஸ்ட்ரா சாஃப்ட்’, ‘சென்சிடிவ்’ என்றிருப்பவையே நோயாளர்க்கு ஏற்றவை. ‘மீடியம்’, ‘ஹார்ட்’ வேண்டா. வெண்மையாக்கும் என்று விற்கப்படும் தலையும் நோயுற்ற ஈறுக்குத் தேவையன்று. கடினமான இழை அழுக்கை அதிகமாக நீக்கும் என்பது தவறான நம்பிக்கை. அது ஈறைக் கீழிறக்கிப் பல்லின் வேரை வெளிக்காட்டும். வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற மருந்துகள் உட்கொள்வோருக்கு ஈறில் சிறு கீறலும் நெடுநேரம் கசியும். அதற்கு அஞ்சித் துலக்காமல் விடுவது இன்னும் தீது. அழற்சியடைந்த ஈறே எளிதில் குருதி கசிகிறது. மிக மென்மையான தலையை எடுத்து, அழுத்தாமல் துலக்குங்கள். கசிவு நிற்காவிடில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ பெறுவோர், மின்துலக்கி தகுமா என்பதையே மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, அளவு. தலை சிறிதாக இருந்தால்தான் கடைவாய்ப் பல்லின் பின்புறத்தை எட்டும். பாக்கும் புகையிலையும் மென்றதனால் வாய் திறப்புச் சுருங்கியவர்களுக்குச் சிறிய வட்டத் தலையோ, சிறுவருக்கான தலையோ உதவும். ஆனால் வாய் திறப்புச் சுருங்குவதே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி. சிறிய தலை வாங்கியதோடு அமைந்துவிடக் கூடாது.

நான்காவது, உறுதி. விலை குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத தலைகளை வாங்கும்போது, அவை கைப்பிடியில் இறுகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பேட்டரித் துலக்கி ஒன்றின் தலைப்பகுதி கழன்று வாய்க்குள் விழுவதாக வந்த புகார்களை அடுத்து, 2012 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொதுமக்களை எச்சரித்தது. நலமுள்ளவர் துப்பிவிடுவார். விழுங்கும் திறன் குன்றியவருக்கு அது மூச்சடைப்பாக முடியலாம். நாள்தோறும் வாயில் வைக்குமுன் தலையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஆடினாலோ, ஓரம் வெடித்திருந்தாலோ அன்றே மாற்றுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் கருவியில் மற்றொன்றும் காண வேண்டும். மின்னேற்றும் பீடத்தில் 100–240 வோல்ட் என்றோ 220–240 வோல்ட் என்றோ அச்சிடப்பட்டிருந்தால் இங்கே பயன்படுத்தலாம். 110 அல்லது 120 மட்டும் இருந்தால் நம் மின்னிணைப்பில் செருகக் கூடாது. இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர் எந்த மின்துலக்கியையும் பயன்படுத்துமுன் தம் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். பீடத்தை மார்பருகே கொண்டுவரக் கூடாது.

தலையை எப்போது மாற்றுவது? மூன்று முதல் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் அறிவுரை. இழைகள் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். நாள்காட்டியில் குறித்து வைப்போர் சிலரே. ஆதலால் மறக்க முடியாத நான்கு நாள்களை நாம் முன்மொழிகிறோம். தை முதல் நாள், சித்திரை முதல் நாள், ஆடி முதல் நாள், ஐப்பசி முதல் நாள். இவற்றுக்கிடையே சரியாக மும்மூன்று மாதங்கள் உள்ளன. பொங்கலும் புத்தாண்டும் நினைவூட்டாத வீடு இல்லை. சாதாரணப் பல்துலக்கிக்கும் இதே நாள்கள் பொருந்தும்.

மலைச் சரிவில் இருப்போர்க்குத் தனியாக ஒரு சொல். பூப்பாறையிலும் சாந்தம்பாறையிலும் குரங்கணிக்கு மேலும் மழைமாதங்களில் துணியே காய்வதில்லை. பல்துலக்கி எங்ஙனம் காயும்? மூடி போட்டு வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிக் கிருமிக்கு இடமாகும். துலக்கியபின் தலையைக் கழற்றி, தலையையும் அது பொருந்தும் தண்டையும் நீரில் அலசி, உதறி, மூடியின்றி நிமிர்த்தி வையுங்கள். ஒருவர் தலை மற்றொருவர் தலையைத் தொடாதிருக்கட்டும். கொதிநீரில் போடாதீர்கள், இழை வளைந்து கெடும். ஒரே கைப்பிடியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில், தலையின் அடியிலுள்ள வண்ண வளையத்தைக் கொண்டு அவரவர் தலையை அடையாளம் கண்டுகொள்ளலாம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்குக் கைப்பிடியும் தனியே இருத்தல் நன்று. வாயில் வெண்புண் வந்து குணமானவர் புதிய தலைக்கு மாறுவது நலம்.

படுக்கையில் உள்ளவருக்குத் துலக்கிவிடுவோர், அவரைத் தலையணைகளால் உயர்த்தி அமர்த்துங்கள். இயலாவிடில் ஒருபக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பற்பசை சிறிதே போதும். தலையை வாய்க்குள் வைத்தபின் இயக்குங்கள்; நிறுத்தியபின் வெளியே எடுங்கள். தேய்க்க வேண்டியதில்லை, ஒவ்வொரு பல்லின்மேலும் நிறுத்தி நகர்த்தினால் போதும். இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். நுரையை மென்துணியால் துடைத்தெடுங்கள்.

இவ்வளவும் தமக்கு இயலாது என்று கருதும் குடும்பத்தார் மனம் தளர வேண்டியதில்லை. மாற்றுத் தலை வாங்குவதற்கென்றே போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிவர எல்லோராலும் முடியாது. அதன் விலையும் கூலி வருவாயில் சிறிதன்று. அத்தகைய வீட்டில் மென்மையான சாதாரணப் பல்துலக்கியை வாங்கி, அதன் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள். மிதிவண்டிக் கைப்பிடியின் ரப்பர் உறையை மாட்டினாலும் நடுங்கும் கைக்குப் பிடிப்புக் கிடைக்கும். ஆண்டுக்கு நான்கு முறை மாற்றப்படும் இத்துலக்கி, ஈராண்டாக ஒரே தலையோடு சுழலும் மின்துலக்கியைவிட நோயாளருக்கு நன்மை செய்யும்.

எனவே பிள்ளைகளிடம் எமது வேண்டுகோள் இது. கைப்பிடி வாங்கும் அன்றே ஓராண்டுக்குரிய நான்கு தலைகளையும் சேர்த்து வாங்குங்கள். அதற்குப் பணம் போதாதெனில் விலை குறைந்த கைப்பிடியைத் தேர்ந்தெடுங்கள், தலைகளைக் குறைக்காதீர்கள். வாரந்தோறும் தொலைபேசியில் மாத்திரை சாப்பிட்டீர்களா அம்மா என்று கேட்பதோடு, பிரஷ் தலை மாற்றியாயிற்றா என்றும் கேளுங்கள். மருந்துக் கடைக்காரர்கள், ஊரில் எந்த வகைக் கைப்பிடி அதிகம் உள்ளதென்று அறிந்து அதற்குரிய மென்மையான தலைகளை வாங்கி வைத்தால் பலருக்கு அலைச்சல் மிஞ்சும்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது நோயாளரின் பல்துலக்கியையும் எடுத்துக் காட்டுங்கள். இழை விரிந்திருக்கிறதா, வாயில் புண் உண்டா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இல்லப் பராமரிப்பில் அந்த ஒரு நிமிடம் வழக்கமாக இடம்பெற வேண்டும் என்பது எமது விருப்பம்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டோடு நோயாளரின் பல்துலக்கியையும் உறையிலிட்டுக் கொண்டுவாருங்கள். எந்தத் தலை பொருந்தும், எது வேண்டா என்பதைச் செவிலியரிடமோ பல் மருத்துவரிடமோ கையில் காட்டியே கேட்டுத் தெளியலாம்.