நஷ்ட ஈடு முதலாளி போடும் தர்மம் அல்ல

பவர் பிரஸ்ஸில் ஒருவனுக்கு விரல் போனால் பட்டறை முழுக்க ஒரே பேச்சுதான்: "அவன் கவனமா இருந்திருக்கணும். தப்பு அவன் மேல, நஷ்ட ஈடு எப்படிக் கிடைக்கும்?" முதலாளி அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. பக்கத்து மெஷின்காரரும், சில சமயம் அடிபட்டவனின் மனைவியுமே சொல்வதுதான் மனசு ஆறவில்லை.

இது முழுப் பொய். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் சரி, அதை உள்ளடக்கிய 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் சரி, முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: வேலையின்போது, வேலை காரணமாகக் காயம் பட்டதா? அசதியில் கை தவறியதோ, ஒரு நொடி கண் வேறெங்கோ போனதோ இழப்பீட்டைத் தடுக்காது. போதையில் இருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, தடுப்பை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவைதான் விலக்கு. உயிர் போனாலோ, நிரந்தர முழு ஊனம் வந்தாலோ அந்த விலக்கும் செல்லாது.

அந்த மெஷினைக் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். அப்போது கை டைக்குள் இருக்க வழியே இல்லை. உற்பத்தி குறைகிறதென்று ஒரு பட்டனை அழுத்தியபடியே டேப் சுற்றிவிடுகிறார்கள். சுற்றச் சொன்னவர் சூப்பர்வைசர். நாள் முழுக்கத் தகடு வைத்து எடுத்த கை ஒரே ஒரு தடவை பிந்துகிறது. இதற்குக் கவனக்குறைவு என்று பேர் வைப்பது அநியாயம்.

"சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகலையே" என்பது அடுத்த கதை. வேலைக் காயத்துக்கு இ.எஸ்.ஐ. பாதுகாப்பு முதல் நாளிலிருந்தே உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரும். இ.எஸ்.ஐ.யில் வராத இடமென்றால் பொறுப்பு முதலாளியுடையது. காப்பீடு எடுக்காமல் விட்டிருந்தால் சொந்தப் பணத்தில் கொடுக்கட்டும். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வட்டி. நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை கூடுதலாகவும் விதிக்கலாம். ஆனால் நடப்பது என்ன? ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து ஒரு கவரைக் கையில் திணித்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கிப் போகிறார்கள். வீட்டார் அதற்கும் கும்பிடுகிறார்கள்.

சட்ட அட்டவணைப்படி கட்டை விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. அதைக் கணக்குப் பார்த்துக் கேளுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள். போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிய காகிதம் சட்டத்தின் முன் செல்லாது. இ.எஸ்.ஐ. இருந்தால் அதன் கிளை அலுவலகத்துக்கும், இல்லையென்றால் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்துக்கும் மனுவோடு போங்கள்.