அலகு எழுதும் கை வகையையும் எழுதட்டும்

மாணவர்களே, இயற்பியல் தேர்வில் விடையை ‘20’ என்று மட்டும் எழுதினால் நான் முழுப் புள்ளி தர மாட்டேன். 20 என்றால் என்ன? மீட்டரா, நியூட்டனா? அலகு இல்லாத எண்ணை நம்ப முடியாது. கணினி நிரல் எழுதும்போதும் இதே ஒழுங்கு வேண்டும் என்கிறேன்.

எங்கள் பள்ளிச் சந்தை நாளுக்காக மாணவர்கள் சிலர் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு நிரல் எழுதினார்கள். நாசி லெமாக் வேண்டும் என்று முதலில் பதிந்தவை 12 பொட்டலம். கடைசி நாளில் சேர்ந்தவை 5. திரையில் மொத்தம் 125 என்று வந்தது. பட்டியலை வாங்கிய இன்னொரு மாணவர் அதை அப்படியே சமையல்காரரிடம் கொடுத்துவிட்டார். 108 பொட்டலம் அதிகம். நட்டம் மன்ற நிதியில் விழுந்தது.

எங்கே தவறு? திரையிலுள்ள பெட்டியில் நாம் தட்டும் 12, நிரலுக்குள் எண்ணாக வருவதில்லை, எழுத்தாக வருகிறது. ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி இட்டால் ‘ஒட்டு’ என்று பொருள். 12-ஐயும் 5-ஐயும் ஒட்டினால் 125. ஆனால் கழித்தல் குறி இட்டால், அதே மொழி எழுத்தைத் தானாகவே எண்ணாக மாற்றி 7 என்று சரியாகச் சொல்லும். மாணவர்கள் பதிவை ரத்து செய்வதை மட்டும் சோதித்தார்கள். அது சரியாக வந்ததால் கூட்டலையும் நம்பிவிட்டார்கள்.

1995-இல் பிரெண்டன் ஐக் இம்மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் உருவாக்கினார். இணையப் பக்கத்தில் சின்னச் சின்ன வேலைகளுக்கு அந்த நெகிழ்வு உதவியது. நிரல்கள் பெரிதானபோது அதுவே தொல்லையானது. எனவே 2012-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. அதில் மாறியின் பெயரை அடுத்து முக்காற்புள்ளி இட்டு, அது எண்ணா எழுத்தா என்று குறிக்கலாம். ‘மொத்தம்’ என்பது எண் என்று எங்கள் மாணவர்கள் குறித்திருந்தால், நிரல் ஓடும் முன்பே பிழை காட்டியிருக்கும். பைத்தான் மொழியிலும் 2015-இல் வந்த 3.5 பதிப்பு முதல் இத்தகைய வகைக் குறிப்புகளை எழுதலாம். பைத்தான் தானாக அவற்றைச் சரிபார்க்காது. அதற்கு மைபை போன்ற தனிக் கருவி வேண்டும்.

“கட்டாயம் இல்லையென்றால் ஏன் எழுத வேண்டும், டீச்சர்?” என்று கேட்பீர்கள். கட்டாயம் இல்லாதது நல்லதுதான். ஒரு யோசனையைப் பத்து வரியில் முயன்று பார்க்கும்போது இக்குறிப்புகள் தேவையில்லை. ஆனால் அந்த நிரலை இன்னொருவர் நம்பிப் பயன்படுத்தப் போகிறார் என்றால், அப்போதே வகையை எழுதிவிடுங்கள். நீங்கள் படிவம் 5 முடித்துப் போன பின் அதைத் திறக்கும் தம்பி தங்கைகளுக்கு அக்குறிப்பே வழிகாட்டும்.

வகை எழுதினால் எல்லாப் பிழையும் தீராது. விலையைத் தவறாகப் போட்டால் அதைக் கணினி அறியாது. டைப்ஸ்கிரிப்டின் குறிப்புகள் நிரல் ஓடும்போது நீக்கப்பட்டிருக்கும். ஆகவே பெட்டியிலிருந்து வருவதை எண்ணாக மாற்றுவதும், அது எண்தானா என்று பார்ப்பதும் உங்கள் வேலை. கூட்டலையும் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அலகை எழுதப் பழகிய உங்களுக்கு வகையை எழுதுவது பெரிய பாரமில்லை. அடுத்த நிரலிலேயே தொடங்குங்கள்.